கோட்டைத் தாண்டிய கால்

திண்டுக்கல்லில் ஆசிரியர் பயிற்சிப் பள்ளியில் படித்தபோது ஒரு டிரில் மாஸ்டர் மேல் எனக்கு வந்த கோபம் இன்னும் முழுசாக ஆறவில்லை. அவர் தப்பாகத் தீர்ப்புச் சொல்லியிருந்தால் எப்போதோ மன்னித்திருப்பேன்.

அமெரிக்காவிலிருந்து வந்து ஒரு வருடம் எங்களுக்கு இங்கிலீஷ் நடத்திய டீச்சர், ஊருக்குத் திரும்பும்போது ஒரு மட்டையும் மூன்று பந்துகளும் டைப் அடித்த விதித்தாள்களும் விட்டுப் போனார். சாப்ட்பால். பந்தை மேலே வளைத்து மெதுவாகத்தான் எறிய வேண்டும். அடிப்பவள் சுண்ணாம்புக் கட்டத்துக்குள் நின்று அடிக்க வேண்டும். கால் முழுக்க வெளியே ஊன்றி அடித்தால் அவுட். அடித்துவிட்டு மூன்று முனைகளைச் சுற்றி ஓடி வந்து சேர்ந்தால் ஒரு ஓட்டம்; மூன்று பேர் அவுட்டானால் அந்தப் பக்கத்தின் முறை முடிந்தது.

தலைமை மதருக்கு இந்த ஆட்டமே பிடிக்கவில்லை. பெண் பிள்ளைகளுக்கு வளையப்பந்து போதாதா என்பார். மதுரைப் பள்ளி ஒன்றோடு ஒரே ஒரு மேட்ச் ஆட அனுமதி கொடுத்துவிட்டு, "தோத்தீங்கன்னா மட்டை அலமாரிக்குள்ள போயிரும்" என்றார். பூட்டினால் திறக்கிற ஆள் இல்லை அவர். ரெட்டியார்சத்திரத்துப் பக்கம் தக்காளிக் காட்டில் குனிந்தே வளர்ந்தவள் நான். பலம் கொண்ட மட்டும் ஒன்றை ஓங்கி அடிக்கலாம், அதற்குக் கை தட்டவும் செய்வார்கள் என்பதே அந்த மட்டை வந்த பிறகுதான் எனக்குத் தெரியும். அதை இழக்க நான் தயாராக இல்லை.

மதுரைப் பிள்ளைகள் கான்வாஸ் ஷூ போட்டுக்கொண்டு வந்தார்கள். நாங்கள் வெறுங்கால். அவர்கள் தேய்த்த தேய்ப்பில் கட்டத்தின் முன்கோடு சீக்கிரமே காணாமல் போயிற்று. அப்புறம் அவர்களில் நெட்டையான ஒருத்தி, பந்து இறங்குவதற்குள் ஒரு முழம் முன்னால் வந்து அடிக்க ஆரம்பித்தாள். நடுவராக வந்திருந்த டிரில் மாஸ்டர் அவுட் கொடுக்கவில்லை.

"சார், அந்தப் புள்ள கட்டத்துக்கு வெளிய வந்துல்ல அடிக்கிது!"

"கோடே இல்லையேம்மா. எத வச்சு நான் சொல்ல?"

"இம்புட்டுத் தூரம் வந்துருக்கா. அதுக்குக் கோடு வேற வேணுமா சார்?"

"என் கண்ணுக்குப் பட்டதத்தாம்மா சொல்ல முடியும். போய் நில்லு."

மூன்று முறை கேட்டேன். மூன்று முறையும் இதே பதில். அவர்கள் ஒரு ஓட்டம் முன்னால் இருக்க, நாங்கள் அடிக்க வேண்டிய கடைசி முறை வந்தது. சுண்ணாம்பு தீர்ந்து போயிருந்தது. நான் விடுதிக்கு ஓடிப்போய்க் கோலப்பொடி டப்பாவை எடுத்து வந்தேன்.

"ஏ புள்ள, இனி நம்மதான அடிக்கப்போறோம்? இப்ப எதுக்குடி கோடு?" என்றாள் என் கூட்டாளி. நியாயமான கேள்விதான். கோபத்தில் அது காதில் ஏறவில்லை. நூல் பிடித்த மாதிரி நாலு பக்கமும் இழுத்துவிட்டு, "இப்பத் தெரியுதா சார்?" என்றேன்.

"நல்லாத் தெரியுதும்மா" என்றார்.

எங்களில் இரண்டு பேர் அவுட்டான பிறகு என் முறை வந்தது. இரண்டாவது, மூன்றாவது முனைகளில் எங்கள் பிள்ளைகள் நின்றார்கள். பந்து ஆடி அசைந்து வந்தது. எனக்குப் பொறுக்கவில்லை. முன்னால் போய் ஓங்கி அடித்தேன். எல்லோர் தலைக்கும் மேலே போய் வேப்பமரத்தடியில் விழுந்தது. இரண்டு பேரும் ஓடி வந்து சேர்ந்தார்கள். ஜெயித்துவிட்டோம் என்று நான் கத்திக்கொண்டிருந்தபோது டிரில் மாஸ்டர் கையைத் தூக்கினார்.

"அவுட்!"

சண்டைக்குத் திரும்பி வந்தேன். என் கோடு ஒரு பொடி கலையாமல் இருந்தது. அதற்கு அந்தப் பக்கம் என் பாதம் முழுசாகப் பதிந்திருந்தது.

"கோட்ட மிதிச்சிருந்தாக்கூட விட்டிருப்பேம்மா. கோடும் கட்டத்துல சேர்த்திதான். நீ தொடவே இல்லையே" என்றார்.

விதித்தாளில் இருந்ததுதான். நூறு தடவை படித்திருக்கிறேன். ஆனால் பாண்டி ஆடி வளர்ந்த கால் அது. பாண்டியில் கோட்டை மிதித்தால் ஆட்டம் போச்சு. வாசல் கோலத்தை மிதித்தால் முதுகில் ஒன்று விழும். கோட்டைக் கண்டதும் கால் தானாகத் தாண்டிவிட்டது.

எங்கள் பிள்ளைகள் நடுவரைச் சூழ்ந்துகொண்டு அநியாயம் என்று கூச்சல் போட்டார்கள். மதர் எழுந்து வந்தார். வந்தவர் என்னைத் தனியாக அழைத்துச் சொன்னது நான் எதிர்பாராதது.

"அந்த மதுரைப் பிள்ளைய விட்டத நானும் பாத்தேன். இதுவும் அநியாயம்னா இந்த மேட்ச் சேர்த்தி இல்ல. மட்டை உங்ககிட்டயே இருக்கட்டும். நீ சொல்லு, உன் கால் வெளிய போச்சா?"

இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். கோட்டை அழிக்க என் பாவாடை நுனியே போதும். மதர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"போச்சு மதர்."

அதைச் சொன்ன வாயை இன்றைக்கும் நாலு அறை அறையத் தோன்றுகிறது. மதர் கையை நீட்டினார். கீழே கிடந்த மட்டையை நானே எடுத்துவந்து கொடுத்தேன்.