தீ வைத்தால் குளிரும் பெட்டி

மீன்சுருட்டிக்கு அருகே முந்திரித் தோப்பின் ஓரம் நாங்கள் தங்கிப் பயணிக்கும் கேம்பர் வேன் நிற்கிறது. உள்ளே கேஸில் ஓடும் ஃபிரிட்ஜ். அதற்குள் என் கணவரின் இன்சுலின். காலையிலிருந்து பெட்டி குளிரவே இல்லை. ஃபிரிட்ஜின் பின்னால் பர்னரில் சுடர் நீலமாக எரிகிறது, சிலிண்டரும் நிறைந்திருக்கிறது. எங்கே கோளாறு என்று தெரியாமல் விழிக்கிறோம்.

கடைத்தெருவில் கேஸ் அடுப்பு பழுதுபார்க்கும் செல்வராணியை அழைத்து வருகிறேன். அவர் குனிந்து சுடரைப் பார்க்கிறார்.

"பர்னர் நல்லாத்தாங்க எரியுது. ஆனா தீய வெச்சு எப்படிம்மா குளிர வெப்பாங்க?"

"எனக்கும் அதாங்க புரியல."

முதல் வேலையாக இன்சுலினை வாங்கிப் போய்த் தன் வீட்டு ஃபிரிட்ஜில் வைத்துவிட்டு வருகிறார்.

"வண்டி ஒரு பக்கமா சாஞ்சு நிக்குதே. அதனால இருக்குமோ?" என்கிறார்.

வேறு வழி தோன்றாமல், அவர் வீட்டு முன்னால் உள்ள சிமென்ட் களத்தில் வேனைச் சமமாக நிறுத்துகிறோம். நான்கு மணி நேரம் கழித்து ஃபிரிட்ஜுக்குள் கையை விடுகிறேன். சில்லென்று இருக்கிறது. செல்வராணியும் கையை விட்டுப் பார்க்கிறார். பின்னால் போய்ச் சுடரைப் பார்க்கிறார். திரும்பி வந்து மறுபடியும் கையை விடுகிறார்.

"மருந்து நாளைக்கு வரைக்கும் எங்க வூட்லயே இருக்கட்டும்மா," என்கிறார். "இத எப்படி நம்புறதுன்னு தெரியல."

நாங்களும் தலையாட்டுகிறோம்.