பஞ்சாபிக்காரருக்கு ரெண்டு நிமிஷம்

எங்கள் ஊரில் சுதந்திர தினத்தன்று காலை பத்து மணிக்குத் தேசப்பற்று உச்சத்துக்குப் போகும். அன்றைக்கு மதுக்கடைக்கு விடுமுறை. என் வீட்டுக்காரரோ பட்டாளத்திலிருந்து ரிட்டயர் ஆனவர். மிலிட்டரி கேன்டீனில் அவருக்கு மாதாமாதம் ரம் பாட்டில் உண்டு. அவர் அதை வாயில் வைக்க மாட்டார். இவ்வளவும் எங்கள் மலையில் திண்ணனூர் நாட்டு ஊர்கள் முழுக்கத் தெரிந்த விஷயம்.

பள்ளிக்கூடத்தில் கொடியேற்றி, மிட்டாயை வாயில் போட்ட கையோடு நேரே எங்கள் வீட்டுக்கு வந்துவிடுவார்கள். முதல் ஆளாக வருவது என் சொந்த அண்ணன்தான். மற்ற நாளில் சட்டைக்குப் பொத்தான் போடாதவன், அன்றைக்கு நெஞ்சில் கொடியைக் கோணாமல் குத்திக்கொண்டு வருவான். “பட்டாளத்துல இருந்தவீகள மதிக்கோணும் புள்ள. அவீக இல்லீன்னா நாம ஏது?” என்பான். கண் மட்டும் பாட்டில் வைத்திருக்கும் பீரோவின் மேல் இருக்கும்.

ஆனால் என் வீட்டுக்காரர் சும்மா ஊற்றிவிட மாட்டார். பாட்டிலைத் திறப்பதற்கு முன்னால் எல்லாரும் வாசலில் வரிசையாக அட்டென்ஷனில் ரெண்டு நிமிஷம் நிற்க வேண்டும். அவருடைய சிநேகிதர் ஒருவருக்காக. பனிமலைப் பக்கம் ரேஷன் ஏற்றும் லாரியில் இவர்கள் இரண்டு பேரும் ஒன்றாக இருந்தார்கள். சிநேகிதர் பஞ்சாபிக்காரர், அவர்தான் டிரைவர். ஒருநாள் என் வீட்டுக்காரர் பாதை பார்க்க இறங்கி முன்னால் நடந்திருக்கிறார். பின்னால் பனி சரிந்து லாரியையும் டிரைவரையும் கொண்டுபோய்விட்டது.

இதை முதன்முதலில் சொன்னபோது எங்கள் ஆட்களுக்கு ஏமாற்றம். “குண்டு படலீங்களா மாப்ள? வெறும் பனிதானுங்களா?” என்று அண்ணன் கேட்டான். மழைக்கு நம் ரோட்டில் மண் சரிகிறதே, அதுபோல என்று இவர் விளக்கிய பிறகுதான் ஒத்துக்கொண்டார்கள்.

நிற்கும்போது நடுவில் யாராவது இருமினால் முதலிலிருந்து நிற்க வேண்டும் என்பது சட்டம். அதனால் பீடி குடிக்கிறவர்களை மற்றவர்களே முந்தின நாள் எச்சரித்து வைப்பார்கள். அப்படி ஒரு மௌனத்தை நான் எந்தச் சாவு வீட்டிலும் பார்த்ததில்லை. போகப் போக வேறு நாட்களிலும் துக்கம் பொங்க ஆரம்பித்தது. காந்தி ஜெயந்தியன்று விடிந்ததும் அண்ணன் வந்து நிற்பான். அன்றைக்கும் கடை லீவாயிற்றே. “மாப்ள, மனசு கேக்கலீங்க. அந்தப் பஞ்சாபிக்காரருக்கு இன்னிக்கும் ஒருக்கா நின்னுரலாமுங்களா?”

நின்று முடித்ததும் இவர் டம்ளர்களில் ஊற்றிக்கொண்டே சிநேகிதரைப் பற்றிப் பேசுவார். அவருடைய அம்மா ஓர் எருமை வளர்த்தார்களாம். அது அம்மாவையும் சிநேகிதரையும் தவிர யாரையும் மடியில் கை வைக்க விடாதாம். சினையாக இருக்கிறது என்று ஊரிலிருந்து சேதி வந்து, அதையே லாரியில் வழி நெடுகப் பேசிக்கொண்டு வந்தாராம். வருஷா வருஷம் இதே கதைதான். ஊற்றுகிற சத்தத்தில் ஒருவர் காதிலும் அது விழுந்ததாக எனக்குத் தோன்றியதில்லை. குச்சிக்கிழங்கு வேகவைத்துத் தாளித்துக் கொடுத்து, கடைசியில் டம்ளர் கழுவுவது மட்டும் என் தேசத்தொண்டு.

இந்த வருஷம் வினை வந்தது. இவர் மலையிறங்கிக் கேன்டீனுக்குப் போய் பாட்டில் வாங்கி, பையை பஸ்ஸில் சீட்டுக்கு அடியில் வைத்திருக்கிறார். யாரோ கிரைண்டருக்குக் குழவிக்கல் வாங்கி வந்திருக்கிறார்கள். மலைப்பாதையின் எழுபது வளைவில் ஏதோ ஒரு வளைவில் அது உருண்டு வந்து பையில் மோதிவிட்டது. பஸ் முழுக்க மணந்து, டிரைவர் எழுந்து நின்று தான் குடிக்கவில்லை என்று சத்தியம் பண்ண வேண்டியதாகிவிட்டது. இவர் வெறும் பையோடு வந்து உட்கார்ந்தார்.

“பாட்டில் இல்லாட்டி ஒருத்தனும் வரமாட்டான் புள்ள.”

“வராட்டிப் போறாங்க. எனக்கு டம்ளர் கழுவுற வேல மிச்சமுங்க.”

அவர் சிரிக்கவில்லை. “இந்த மலையில அவனத் தெரிஞ்சவன் நான் ஒருத்தன். நான் போயிட்டா அவன நெனைக்கிறதுக்கு யாரு இருக்கா?” என்றார். ‘நாங்க இருக்கோமுங்க’ என்று சொல்ல வாயெடுத்தேன். ஆனாலும் எங்கள் ஆட்களை எனக்குத் தெரியும்.

பதினைந்தாம் தேதி வழக்கம்போல வந்தார்கள். இவர் மறைக்காமல், “இந்த வருசம் பாட்டில் இல்லீங்க, பஸ்ஸுல ஒடஞ்சு போச்சு” என்றார். யாரும் நம்பவில்லை. அண்ணன் மற்றவர்களைப் பார்த்துக் கண்ணடித்தான். மாப்பிள்ளை பரீட்சை வைக்கிறார் என்று முடிவு கட்டிவிட்டார்கள். நின்றார்கள். அப்படி நின்றார்கள்! ஒரு இருமல் இல்லை, ஒரு சொறிதல் இல்லை. கொசு கடித்ததைக்கூடப் பொறுத்துக்கொண்டார்கள். என் வீட்டுக்காரருக்குக் கண் கலங்கிவிட்டது. எனக்கோ பற்றிக்கொண்டு வந்தது.

முடிந்ததும் எல்லார் பார்வையும் பீரோவுக்குப் போனது. நான் போய் இரண்டு கதவையும் அகலத் திறந்து வைத்தேன். உள்ளே என் சேலைகளும் அவருடைய பழைய யூனிஃபார்மும்தான் இருந்தன.

ஒருவருக்கு மிளகுக் கொடி கட்டுகிற வேலை ஞாபகம் வந்தது. இன்னொருவர் மாடு கட்டவில்லை என்றார். ஒவ்வொருவராகப் படலைத் தாண்டிப் போனார்கள். என் வீட்டுக்காரர் தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அண்ணனும் செருப்பை மாட்டினான். மாட்டியவன் போகாமல் தலையைச் சொறிந்துகொண்டு நின்றான்.

“ஏனுங்க மாப்ள, ரொம்ப நாளாக் கேக்கோணும்னு இருந்தேன். அந்த எரும கன்னு போட்டுச்சுங்களா?”

இவர் நிமிர்ந்து பார்த்தார். “தெரியலீங்களே மச்சான்” என்றார். “இதுவரைக்கும் யாருமே கேக்கலீங்க.”

மிளகுக் கொடி கட்டப் போனவர் படலுக்கு வெளியிலிருந்து திரும்பி வந்தார். “போடாம எங்கீங்க போகும்? சினைன்னு சேதியே வந்துருச்சுன்னீங்கல்ல?” மாடு கட்டப் போனவரும் வந்துவிட்டார். “யாரையும் கிட்ட விடாதுன்னீங்களே, அந்த அம்மா தனியா எப்படிக் கறந்துச்சோ?” என்றார். அவர்களில் ஒருவர்கூட பஞ்சாபைப் பார்த்ததில்லை. ஆனால் அந்த எருமையின் குணம் அத்தனை பேருக்கும் தெரிந்திருந்தது. நான் உள்ளே போய் அதே டம்ளர்களில் டீ ஊற்றிக் கொண்டுவந்தேன். ஒரு பயலும் வேண்டாம் என்று சொல்லவில்லை.

போட்ட கன்று ஆணா பெண்ணா என்று மத்தியானம் வரைக்கும் வழக்கு ஓடியது. கடைசியில் அண்ணன்தான் தீர்ப்புச் சொன்னான்.

“கெடேரிக் கன்னாத்தானுங்க இருக்கும் மாப்ள.”

“ஆமாங்க மச்சான்,” என்றார் என் வீட்டுக்காரர், கண்ணைத் துடைத்துக்கொண்டு. “கெடேரியாத்தான் இருக்கும்.”