ஏ9 வீதியின் மறுமுனையில் ஒரு ஜெபம்

நான் பேசாமல் இருந்தது போதும். பெப்ரவரியில் கண்டிக்குப் போய் வந்தேன்; இப்போது ஜூன். நண்பர்கள் சிலர் சேர்ந்து நடத்தும் இந்தப் பயணத் தளத்தில் அம்பிட்டியவின் காலைப் பனிப்புகாரைக் காட்டும் இரண்டு படங்களை மட்டும் போட்டுவிட்டு எழுத்தைத் தவிர்த்து வந்தேன். யாழ்ப்பாணத்திலிருந்து எந்த பஸ், எவ்வளவு நேரம், நோயாளியைப் பார்க்கப் போகிறவர்கள் எங்கே தங்கலாம் என்று வாசகர்கள் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். எனக்குத் தெரிந்த பதில்கள் இதில் இருக்கின்றன. ஆனால் அங்கே நான் செய்ததைச் சொல்லாமல் பஸ் நேரத்தை மட்டும் சொல்ல என்னால் முடியவில்லை.

அண்ணன் கண்டியில் ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். அம்பிட்டியவில் வீடு. இதய வால்வு மாற்றவேண்டும் என்று டொக்டர்கள் சொல்லிவிட்டார்கள். அண்ணிதான் தொலைபேசியில் அழைத்தார். "தம்பி, திங்கக்கிழமை ஒப்பரேசன். ஒருக்கா வந்திட்டுப் போங்கோ. அவர் வாய்விட்டுக் கேக்கமாட்டார், ஆனா வாசலைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்."

நாங்கள் பேசி இரண்டு வருடம். அம்மா படுக்கையில் கிடந்த காலம் முழுவதும் அவரை நான்தான் பார்த்தேன். அண்ணன் இரண்டு தடவை வந்தார். மூன்றாவது தடவை வந்தது செத்தவீட்டுக்கு. அன்று பெட்டியருகே நின்று அவர் ஜெபித்தார். ஊரே அழுதது. "என்ன ஜெபமடா!" என்று என்னிடமே வந்து சொன்னார்கள். இரவில் நான்கு தரம் எழும்பி அம்மாவின் படுக்கை விரிப்பை மாற்றியவனிடம் ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. அந்த ஆற்றாமையை நான் ஒரு பிள்ளையைப் போல வளர்த்து வைத்திருந்தேன்.

இனி வழி. ஏ9 வீதி கண்டியில் தொடங்கி யாழ்ப்பாணத்தில் முடிகிறது. மொத்தம் 321 கிலோமீற்றர். யாழ்ப்பாணத்திலிருந்து கண்டிக்கு நேரடி பஸ் இருக்கிறது. நான் ஏறியது சனிக்கிழமை காலை ஆறு மணிக்கு. நான் போன அன்று சாதாரண பஸ்ஸுக்கு ஆயிரத்து முன்னூறு ரூபாய். போகும்போது வலப்பக்கம் இருங்கள். இடப்பக்கத்தில் இருந்தால் பகல் வரைக்கும் வெயில் முகத்தில் அடிக்கும். வவுனியாவில் ஒரு தேநீர், தம்புள்ளையில் கால் நீட்ட பத்து நிமிடம்.

வழி முழுக்க நான் கடவுளோடு பேசிக்கொண்டு போனேன். இதை வேடிக்கையாகச் சொல்லவில்லை. நாங்கள் மூன்று தலைமுறையாகக் கிறிஸ்தவர்கள். நான் அவரோடு பேசாத நாள் இல்லை. எனக்கு அவரோடு நெருங்கிய உறவு என்றே நம்பியிருந்தேன். அம்மா கிடந்த நாட்களில் அவர் ஒருவர்தான் துணை. ஆனால் அன்று பஸ்ஸில் நான் பேசிய விதத்தை இப்போது நினைத்துப் பார்க்கிறேன். வழக்குப் போட்டவன் தன் சட்டத்தரணியிடம் பேசுவதுபோலப் பேசியிருக்கிறேன். 'நீர் பார்த்தீர்தானே. நீர்தான் சாட்சி.' தம்புள்ளையிலிருந்து மாத்தளை வரை இதுதான்.

அலவத்துகொடவில் பஸ்ஸின் ரயர் காற்றுப் போய்விட்டது. பகல் ஒரு மணி. எதிரே ஒரு முஸ்லிம் சாப்பாட்டுக் கடை. சோறும் மாட்டிறைச்சிக் கறியும் அறுநூறு ரூபாய், தாராளமாகக் காணும். கல்லாவில் இருந்தவருக்கு என் வயது இருக்கும். பேச்சுக்கு ஆள் தேடிக்கொண்டிருந்தவர்.

"யாழ்ப்பாணமா சேர்? பெரஹர திருவிழாவும் இல்ல, லீவும் இல்ல. இந்த நேரத்துல என்ன கண்டிக்கு?"

அண்ணனுக்கு ஒப்பரேசன் என்றேன்.

"யா அல்லாஹ். நானாக்கு பேரென்ன?"

"அண்ணன்ர பேர் எதுக்கு?"

"பேரு தெரியாம எப்படி சேர் துஆ கேக்குற? கண்டி பெரியாஸ்பத்திரியில எத்தினி நானா இருப்பாங்க!" என்று சிரித்தார். பெயரைச் சொன்னேன். ஒரு தரம் உச்சரித்துப் பார்த்துவிட்டு, "அல்லாஹ் லேசாக்குவான். இன்னும் கொஞ்சம் ஆணம் போடவா?" என்று கேட்டார். துஆ என்றால் ஜெபம், ஆணம் என்றால் குழம்பு.

மூன்று மணிக்குக் கண்டி. பஸ் நிலையத்திலிருந்து அம்பிட்டியவுக்கு ஏறத்தாழ ஐந்து கிலோமீற்றர். பஸ்ஸும் உண்டு, ஆனால் சனிக்கிழமை பின்னேரம் அடிபட்டு ஏறவேண்டும். ஓட்டோவுக்கு அறுநூறு ரூபாய் கொடுத்தேன். ஓட்டிவந்தவர் நாவலப்பிட்டிப் பக்கம். குளத்தைச் சுற்றி மலை ஏறத் தொடங்கியதும் வண்டி முக்க ஆரம்பித்தது.

"சார், பையில என்ன வச்சிருக்கீங்க, கல்லா?"

"பனங்கட்டியும், காயவைச்ச பனங்கிழங்கு ஒடியலும்."

"அப்ப கல்லுதான். இந்த வளைவுல மட்டும் எறங்கி நடந்துருங்க சார், மேல நின்னு ஏத்திக்கிறேன். கோவிச்சுக்காதீங்க, பொம்பளைங்களையும் எறக்கித்தான் கொண்டு போறோம்."

அம்பிட்டியவின் உட்பாதைகளுக்குப் போகிறவர்கள் இந்த நடைக்குத் தயாராக இருங்கள். நானும் இறங்கி நடந்தேன். மேலே மறுபடி ஏறிப் போய்ச் சேர்ந்தபோது வீட்டு வாசலில் அண்ணன் நின்றார். பாதி ஆளாகியிருந்தார். "வந்திட்டியா" என்றார். அவ்வளவுதான். நான் பையை வாசற்படியில் இறக்கினேன்.

மாலை ஆறு மணிக்குச் சபையிலிருந்து ஆட்கள் வந்தார்கள். போதகர், அவருடைய மனைவி, பக்கத்து வீட்டு அன்ரியும் அவருடைய கணவரும். ஒப்பரேசனுக்கு முன் வீட்டு ஜெபக்கூட்டம். முன் ஹோலில் கதிரைகளை வட்டமாகப் போட்டோம். பாட்டு முடிந்ததும், வழக்கம்போலப் போதகரே ஜெபிப்பார் என்று நான் நினைத்திருக்க, அண்ணன் சொன்னார்: "தம்பி வந்திருக்கிறான். அவன் ஜெபிக்கட்டும்."

எங்கள் வழக்கம் தெரியாதவர்களுக்கு ஒன்று சொல்லவேண்டும். ஒருவர் வாய்விட்டு ஜெபிக்கத் தொடங்கினால் மற்றவர்கள் கண்ணை மூடித் தலையைக் குனிந்துகொள்வார்கள். அவர் ஆமென் சொல்லும்வரை யாரும் குறுக்கிட முடியாது. பதில் சொல்ல முடியாது, எழுந்து போக முடியாது. பேசுவது கடவுளோடு என்பதால் கேட்டுக்கொண்டுதான் இருக்கவேண்டும். அப்படி ஒரு சபை எனக்கு வாழ்நாளில் கிடைத்ததில்லை.

டொக்டர்களுக்காகவும் தாதிமாருக்காகவும்தான் தொடங்கினேன். பிறகு குரல் தானாகத் தணிந்தது. "ஆண்டவரே, படுக்கையில் கிடந்தவர்களை நீர் மறந்ததில்லை. மறந்தவர்கள் உண்டு. தூரத்தைச் சாட்டாகச் சொன்னவர்கள் உண்டு. பெற்றவளின் கட்டிலருகே நில்லாமல், அவளுடைய பெட்டியருகே நின்று அழகாக ஜெபித்தவர்கள் உண்டு. அவர்களுடைய இருதயத்தை நீர் அறிவீர். அந்த இருதயம் திறக்கப்படும் நாளிலே அவர்களுக்கு இரங்கும்."

பக்கத்து வீட்டு அன்ரி ஒவ்வொரு வசனத்துக்கும் "ஸ்தோத்திரம்" சொல்லிக்கொண்டிருந்தார். 'பெட்டியருகே' என்ற இடத்தில் அவருடைய ஸ்தோத்திரம் நின்றது. அப்போதே நான் நிறுத்தியிருக்கவேண்டும். நிறுத்தவில்லை. வசனங்கள் நன்றாக வந்துகொண்டிருந்தன. கடைசியில் ஆமென் என்றேன். ஒரே ஒரு குரல்தான் அதைத் திருப்பிச் சொன்னது. அது அண்ணனுடையது.

கண்ணைத் திறந்தபோது யாரும் என் முகத்தைப் பார்க்கவில்லை. அண்ணனின் முகத்தையும் பார்க்கவில்லை. தேநீர் அரைவாசியில் நின்றது. போதகர் பைபிளை எடுத்துக்கொண்டு, "நாளைக்கு ஆராதனை இருக்கு, வெள்ளனப் போகவேணும்" என்று எழுந்தார்.

கோப்பைகளைத் தூக்கிக்கொண்டு குசினிக்குப் போனேன். அண்ணி தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டு நின்றார்.

"தம்பி, ஒண்டு கேக்கிறன். நீங்கள் இப்ப ஆண்டவரோட கதைச்சனீங்களோ, எங்களோட கதைச்சனீங்களோ?"

நான் கோப்பைகளைத் தொட்டிக்குள் வைத்தேன்.

"எங்களோட எண்டா, கண்ணைத் திறந்து வைச்சுக் கதைச்சிருக்கலாம். அந்த மனுசனும் ஏதும் மறுமொழி சொல்லியிருக்கும்."

அண்ணன் வெளி விறாந்தையில் சால்வையைப் போர்த்திக்கொண்டிருந்தார். கீழே நகரத்தின் விளக்குகள் ஒவ்வொன்றாக எரியத் தொடங்கியிருந்தன. கத்துவார் என்று எதிர்பார்த்தேன். கத்தினால் நல்லது என்றும் நினைத்தேன்.

"டேய், நீ சொன்னது எல்லாம் சரி," என்றார். "ஆனா இதை நான் ஆண்டவருக்கு எப்பவோ சொல்லிப்போட்டன். புதுசாக் கேட்ட மாதிரி அவருக்கு இருந்திருக்காது."

"பின்ன ஏன் வரேல்லை?"

"ரெண்டாந்தரம் வந்தனான் எல்லே. நீ குசினியில நிண்டனீ. அம்மா என்னை வடிவாப் பார்த்திட்டு, 'ஐயா ஆர், புதுப் போதகரோ?' எண்டு கேட்டவ. ஓமெண்டு சொல்லி ஒரு ஜெபம் பண்ணிப்போட்டு எழும்பி வந்தனான். அதுக்குப் பிறகு எனக்கு வரப் பயம். ஒருக்கா வெளிக்கிட்டு தம்புள்ளை வரைக்கும் வந்து, இறங்கி, மற்ற பஸ்ஸில திரும்பினனான்."

"எனக்கு ஏன் சொல்லேல்லை?"

"உனக்குச் சொல்ல வெக்கம்," என்றார். "அவருக்குச் சொல்ல வெக்கமில்லை."

ஞாயிற்றுக்கிழமை ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். திங்கட்கிழமை காலை ஏழரைக்குத் தள்ளுகட்டிலில் ஏற்றினார்கள். சத்திரசிகிச்சைக் கூடத்தின் கதவடியில் தாதி எங்களுக்காக ஒரு நிமிடம் நின்றார். அண்ணன் என் கையைப் பிடித்தார்.

"தம்பி, ஒரு ஜெபம் சொல்லு."

அண்ணி என்னைப் பார்த்தார். வேண்டாம் என்று சொல்லவில்லை; பார்த்தார். நான் வாயைத் திறந்தேன். "ஆண்டவரே" என்றேன். அதற்கு மேல் ஒரு சொல் வரவில்லை. இரண்டு நாளுக்கு முன் கொட்டிய தமிழ் எங்கே போனதென்று தெரியவில்லை. தாதி கடிகாரத்தைப் பார்த்தார்.

அண்ணன் கண்ணை மூடினார். "ஆண்டவரே, இவன் அம்மாவோட தனிய நிண்டு நல்லாக் களைச்சுப் போனான். இவனைப் பார்த்துக்கொள்ளும். ஆமென்." கண்ணைத் திறந்து தாதியிடம் சிங்களத்தில் "ஹரி, யமு" என்றார். சரி, போவோம்.

நெஞ்சு திறக்கப்படப்போகிற மனிதர், தனக்காக ஒரு வார்த்தை கேட்காமல் உள்ளே போனார். தன்னுடையது ஏற்கெனவே பேசி முடிந்த விடயம் என்பதுபோல.

ஐந்து மணி நேரம் கதவுக்கு வெளியே வாங்குப் பலகையில் உட்கார்ந்திருந்தேன். ஜெபிக்க முயன்றேன். எதிராளி இல்லாமல் ஜெபித்து எனக்குப் பழக்கமில்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. யார்மீதும் முறையிடாவிட்டால் என்னிடம் சொல்ல ஒன்றும் இருக்கவில்லை. கடைசியில் அலவத்துகொடக் கடைக்காரர் கேட்டது நினைவில் வந்தது. அண்ணனின் பெயரை மட்டும் சொன்னேன். திரும்பத் திரும்ப அதையே சொன்னேன். வேறொன்றும் சேர்க்கத் துணிவு வரவில்லை.

அண்ணன் பிழைத்துவிட்டார். இப்போது வீட்டு வளவுக்குள் நடக்கிறார். நான் மேலும் நான்கு நாள் நின்றுவிட்டு வந்தேன். திரும்பும் வழியில் தம்புள்ளையில் பஸ் நின்றபோது நான் இறங்கவில்லை. அவர் எந்த இடத்தில் இறங்கி நின்றிருப்பார் என்று யன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இதோடு முடிந்திருந்தால் எழுதியிருக்கமாட்டேன். போன மாதம் அண்ணி சொன்னார்: "முந்தி எந்த வீட்டில ஆர் வருத்தமாக் கிடந்தாலும் இவரைத்தான் ஜெபிக்கக் கூப்பிடுவினம். இப்ப ஒருத்தரும் கூப்பிடுறதில்லை. சுகமில்லாத மனுசன் எண்டு விடுகினமாக்கும் எண்டு இவர் சொல்லுறார். எனக்குத் தெரியும், உங்களுக்கும் தெரியும்." பெற்ற தாயைக் கைவிட்டவரைக் கட்டிலருகே நிறுத்தி ஜெபிக்கச் சொல்ல யாருக்கு மனம் வரும்? அந்தக் கதையை அவர்களுக்குச் சொன்னவன் நான். அதுவும் மறுக்க முடியாத இடத்தில் வைத்து.

போகிறவர்களுக்குச் சில குறிப்புகள். காலை பஸ்ஸில் போங்கள். மாத்தளைக்குப் பிறகு வரும் வளைவுகளை வெளிச்சத்தில் கடப்பது நல்லது. பார்வையாளர் நேரத்தை முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள், வாட்டுக்கு வாட்டு மாறும். பெப்ரவரி என்றால் அதிகாலைக்கு ஒரு ஸ்வெற்றர் வேண்டும். ஆஸ்பத்திரியைச் சுற்றி இரண்டாயிரத்து ஐந்நூறு ரூபாய்க்கு அறை கிடைக்கிறது. சொந்தக்காரர் வீட்டில் தங்குவதானால், மனத்தில் இருப்பதைப் போன அன்றே முகத்துக்கு நேரே பேசிவிடுங்கள். ஜெபிக்கச் சொல்லும்வரை வைத்திருக்காதீர்கள்.

வருகிற சனிக்கிழமை ஆறு மணி பஸ்ஸில் மறுபடி போகிறேன். அந்த நால்வரையும் பின்னேரம் கூப்பிட்டு வைக்கும்படி அண்ணியிடம் சொல்லியிருக்கிறேன். தம்புள்ளைக் கதையை அவர்களுக்குச் சொல்லலாமா என்று அண்ணனிடம் கேட்டேன். "ஓம், சொல்லு. கெதியாச் சொல்லி முடி, தேத்தண்ணி ஆறிப்போம்" என்றார்.

இந்தத் தளத்தில் ஒவ்வொரு கட்டுரையின் கீழும் எழுதியவரின் பெயர் வரும். இதற்கு என் பெயரைத் தட்டச்சு செய்துவிட்டுச் சிறிது நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். என்ன நேர்மை, என்ன தமிழ் என்று பின்னூட்டங்கள் வரும். ஜெபம் நன்றாக இருந்தது என்று சொல்வதைப்போல. நான் முகத்தைக் காட்டவேண்டிய இடம் அம்பிட்டியவின் அந்த முன் ஹோல். அங்கே கண்ணைத் திறந்துகொண்டு பேசுவேன், அவர்களும் குறுக்கிடலாம். இங்கே பெயரை அழித்துவிட்டேன். அப்படியே பதிவேற்றுகிறேன்.