பர்லியில் இறங்கிய பிணம்

ஹொரேஸ் டிப்பெட் பதினோரு படங்களில் செத்தவர். குளத்தில் மிதந்தார், நூலகத்தில் குப்புற விழுந்தார், ஒரு படத்தில் கம்பளத்துக்குள் சுருட்டிக் கொண்டுவரப்பட்டார். இத்தனை முறை செத்தும் அவர் முகம் திரையில் வந்ததே இல்லை.

"பதினோரு படத்துலயும் உன் முதுகத்தான் பாத்தேன் ஹொரேஸ். அத நான் டிக்கெட் வாங்காம வீட்லயே பாக்கறேன்," என்பாள் அவர் மனைவி எனிட்.

முப்பத்தாறாம் வருஷம், லண்டன் ஓரத்து ஸ்டூடியோ ஒன்றில் ரயில் கொலைப் படம் ஆரம்பித்தார்கள். யார் கையில் என்ன இருந்தது, தொப்பி எந்தப் பக்கம் சாய்ந்தது என்று ஒவ்வொரு ஷாட்டுக்கும் குறிப்பெடுப்பது என் வேலை. ஹொரேஸுக்கு வழக்கம்போலப் பிணம்தான். ஆனால் இந்த முறை ஜன்னலோரம் உட்கார்ந்தபடி, மார்பில் குத்துவாளோடு, முகம் நேராகக் கேமராவுக்கு. சேதி கேட்ட எனிட் படம் பார்க்கவென்றே புதுத் தொப்பி வாங்கிவிட்டாள். "இந்தத் தடவையும் மூஞ்சி வரலைன்னா, அடுத்த பொணம் நெஜமாவே நீதான்," என்றும் சொல்லிவைத்தாள்.

எங்கள் ரயில் ஓடாது. மரத்தில் செய்த ஒரே பெட்டி, அடியில் ஸ்பிரிங். நங்கஸ் என்ற தடியர் வெளியே நின்று நீண்ட கம்பால் நெம்பி ஆட்டுவார். முன்பு நிஜ எஞ்சினில் கரி அள்ளிய மனிதர். தடக் தடக், தடக் தடக் என்று அவர் ஆட்டும்போது எனக்கே கை தானாகப் பையில் டிக்கெட்டைத் தேடும். நடுவில் நிறுத்தினால் லயம் கெடும் என்று நிறுத்தவும் மாட்டார்.

அன்று ஹொரேஸ் செத்து உட்கார்ந்தார். விளக்குகளைச் சரிசெய்ய அரைமணி பிடித்தது. பெட்டி ஆடிக்கொண்டே இருந்தது. ஒருவழியாகக் கேமரா ஓடியது. துப்பறிவாளர் உள்ளே வந்து பிணத்தின் மேல் குனிந்தார்.

பிணம் எழுந்தது.

மேல்தட்டிலிருந்து தொப்பியை எடுத்தது. பத்திரிகையைக் கக்கத்தில் செருகியது. துப்பறிவாளருக்கு "குட் ஈவினிங்" சொல்லிவிட்டு, மார்பில் குத்துவாளோடு இறங்கி நடந்தது.

ஹொரேஸ் சினிமாவுக்கு வருமுன் பதினாலு வருஷம் ஆபீஸ் குமாஸ்தா. தினம் மாலை ரயிலேறியதும் தூங்குவார். சரியாக இருபத்தேழாவது நிமிஷம் தன் ஊரான பர்லியில் இறங்குவார். கண் விழிப்பது பிளாட்பாரத்தில்தான்.

"யோவ் டிப்பெட், எங்கய்யா போற?" என்றார் டைரக்டர் மால்ட்பி.

"பர்லி வந்துருச்சு சார்." அப்புறம்தான் கண் திறந்தது. முகம் அசல் பிணமாய் வெளுத்தது. "சார், இன்னொரு வாட்டி ஒழுங்கா சாகறேன் சார். எம் பொஞ்சாதி தொப்பி வாங்கிட்டா."

மால்ட்பி அவர் மார்பிலிருந்த குத்துவாளைப் பிடுங்கினார். "நீ சாக வேணாம். வேற ஒருத்தன் சாகட்டும். நீ அவனுக்கு எதிர்ல தூங்கு. பர்லி வந்ததும் எழுந்து, பொணத்துக்கு குட் ஈவினிங் சொல்லிட்டு இறங்கிடு."

"செத்துக் கெடக்கான்னு எனக்குத் தெரியாதா சார்?"

"பதினாலு வருஷம் எதிர்ல உக்காந்தவன் மூஞ்சிய என்னிக்காவது பாத்திருக்கியா?"

ஹொரேஸ் யோசித்தார். "அறிமுகம் இல்லாம எப்படி சார் பாக்கறது?"

"அதேதான்யா," என்றார் மால்ட்பி.

படம் வந்த சனிக்கிழமை, மதியக் காட்சி. எனிட்டும் ஹொரேஸும் முன்வரிசையில், நான் அவர்களுக்குப் பின்னால். திரையில் ரயில் கிளம்பியது, தடக் தடக். எனக்கு முன்னால் ஹொரேஸின் தலை சாய்ந்தது. திரையில் அவர் எழுந்து தொப்பியை எடுத்த அதே நொடியில், இங்கேயும் எழுந்தார். தொப்பியை எடுத்தார். எனக்கு "குட் ஈவினிங்" சொல்லிவிட்டு வாசலுக்கு நடந்தார். எனிட் இங்கே ஒரு தரம், அங்கே ஒரு தரம் பார்த்துவிட்டுத் திரையிலேயே கண்ணை வைத்துக்கொண்டாள்.

படம் முடிந்தபோது வாசலில் நின்றிருந்தார். "மூஞ்சி வந்துச்சா எனிட்?"

"முழுசா வந்துச்சு."

"எப்படி இருந்தேன்?"

"ரெண்டு பேருமே தொப்பிய கோணலா வெச்சிருந்தீங்க," என்று இருவரில் கைக்கெட்டியவரின் தொப்பியை நேராக்கினாள்.