காதுக்காரர் தேர்ந்தெடுத்த ஜோடி

பெற்றவர்கள் ஆசையாக வைத்த பெயர் கல்யாணப் பத்திரிகையோடு சரி. மற்றபடி எல்லோருக்கும் அவர் காதுக்காரர்தான். காற்றையும் பெட்ரோலையும் கலந்து என்ஜினுக்குக் கொடுக்கும் கார்புரேட்டர் இரண்டு வைத்த பழைய சின்னக் கார்களை முப்பது வருஷமாக ஒரு முழ ரப்பர் குழாயை வைத்தே சரிசெய்து வந்தவர். குழாயின் ஒரு முனை கார்புரேட்டர் வாயில், மறுமுனை காதில். உள்ளே போகும் காற்றின் இரைச்சல் இரண்டிலும் ஒரே அளவாக வரும்வரை திருகைத் திருப்புவார். இதே வேலையைச் செய்கிற மற்றவர்கள் ஒரே காதால் கேட்டபடி முன்னும் பின்னும் நகர்ந்துகொண்டிருப்பார்கள். இவர் நடுவில் நின்றால் நின்றதுதான். முன் கார்புரேட்டருக்கு இடது காது, பின் கார்புரேட்டருக்கு வலது காது. "ரெண்டு காது எதுக்கு இருக்கு, கண்ணாடி மாட்டவா?" என்று கேட்பார். அந்தத் திமிருக்கு ஒரு நாள் கணக்குத் தீர்க்க வேண்டியிருக்கும் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை, சொன்னாலும் கேட்டிருக்க மாட்டார்.

இப்போது ஷெட்டில் நிற்பது அவர் மகளின் கார். மகள் கண் மருத்துவமனையில் கண்ணாடிக்கு அளவு பார்க்கிறவள். ஞாயிற்றுக்கிழமை மலைப் பாதையில் அவள் ஓட்டப்போகும் ஏற்றப் பந்தயம், பதினாலு வளைவு. என்ஜினைப் பிரித்து, கடைந்து, முறுக்கேற்றியாகிவிட்டது. மீதி இருப்பது ஒன்றே ஒன்று: கார்புரேட்டரில் சின்ன வாய் ஜோடியா, பெரிய வாய் ஜோடியா? பெரியது நிறையக் காற்றைக் குடிக்கும், நேர்ப் பாதையில் பறக்கும், ஆனால் வளைவு திரும்பி எழும்போது சோம்பல் முறிக்கும். சின்னது அதற்கு நேரெதிர். வேறு யாராவது என்றால் ஒரு மத்தியானத்தில் முடிவு செய்திருப்பார்கள். இவர் நாலு நாளாக மாற்றி மாற்றி மாட்டிக்கொண்டிருந்தார்.

எந்த ஜோடியைப் போட்டாலும் காதுக்கு இரண்டு இரைச்சலும் சமமாகத்தான் இருந்தது. என்ஜின் மட்டும் ஒரு கால் குட்டையான நாற்காலி மாதிரி ஆடியது. செவ்வாய்க்கிழமை பெரிய ஜோடியோடு ஓட்டிவிட்டுப் பிளக்குகளைக் கழற்றிப் பார்த்தார். முன்னால் இருந்த இரண்டும் பெட்ரோல் மிஞ்சிக் கரி பிடித்துக் கறுப்பு, பின்னால் இருந்த இரண்டும் பெட்ரோல் போதாமல் காய்ந்து வெளுப்பு. 'ஜோடியே சரியில்லை' என்று திட்டிவிட்டுச் சின்னதை மாட்டினார். வியாழக்கிழமை பார்த்தால் அதே இரண்டு கறுப்பு, அதே இரண்டு வெளுப்பு. இரண்டு ஜோடியும் பேசிவைத்துக்கொண்டு ஒரே தப்பைச் செய்யுமா? இரண்டுக்கும் பொதுவாக இருந்தது அவருடைய காதுகள்தான்.

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். அந்தப் பழமொழி அவருக்கும் தெரியும். தெரிந்துதான் கம்பி பிரஷ்ஷால் நாலு பிளக்கையும் தேய்த்துப் பளபளவென்று திரும்ப மாட்டினார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலை.

அன்று ராத்திரி சாப்பாட்டில் மனைவி எதையோ கேட்டாள். அவர் தட்டைப் பார்த்தபடி இருந்தார்.

"ஏங்க, மூணாவது தடவை கேட்கிறேன். செவிடன் காதுல சங்கு ஊதுன மாதிரி உட்கார்ந்திருக்கீங்களே, குழம்பு வேணுமா வேணாமா?"

"யோசனையில இருக்கேன்" என்றார். இடது பக்கம்தான் அவள் நின்றிருந்தாள். ஷெட்டில் கம்ப்ரஸர் முப்பது வருஷமாகக் கத்திக்கொண்டிருப்பதும் அவருடைய இடது பக்கம்தான். போன வாரம் இடது காதில் போனை வைத்து, பேச்சு வரவில்லை என்று போனைத் தட்டியதும் ஞாபகம் வந்தது. வலது பக்கம் உட்கார்ந்திருந்த மகள் குழம்புக் கிண்ணத்தைப் பேசாமல் அவர் முன்னால் நகர்த்தினாள்.

தூக்கம் வரவில்லை. காது போனால் காதுக்காரர் யார் என்ற பயம் ஒரு பக்கம். அதைவிடப் பெரிய பயம் ஏழாவது வளைவு. அங்கே தடுப்புச் சுவர் கிடையாது. காய்ந்து ஓடுகிற அந்த இரண்டு சிலிண்டரும் ஏற்றத்தில் சூடேறி இறுகினால், பின் சக்கரம் பூட்டிக்கொள்ளும். உள்ளே இருக்கப்போவது அவர் மகள்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் மகள் வேலை முடித்து நேரே ஷெட்டுக்கு வந்தாள்.

"முடிவு பண்ணிட்டீங்களாப்பா? எந்த ஜோடி?"

"ரெண்டும் சரியில்லம்மா. இந்த ஞாயிறு விட்டுடு. அடுத்த வருஷம் பாத்துக்கலாம்."

"ரெண்டுமேவா?"

"ரெண்டுமேதான்."

அவள் என்ஜினைக் கிளப்பி, ரப்பர் குழாயை எடுத்துக்கொண்டாள்.

"கண்ணை மூடிக்கோங்க. கண்ணாடிக்கு என்கிட்ட வர்றவங்களை எப்படிக் கேட்பேனோ அப்படிக் கேட்கிறேன்." குழாய் முனை அவருடைய இடது காதுக்கு வந்தது. "இது ஒண்ணு." கொஞ்சம் பொறுத்து வலது காதுக்குப் போனது. "இது ரெண்டு. எதுல சத்தம் ஜாஸ்தி?"

"ரெண்டாவதுல. நிச்சயமா. அந்தப் பின் கார்புரேட்டரைக் கொஞ்சம் மூடணும்."

"கண்ணைத் திறங்கப்பா."

குழாயின் மறுமுனை முன் கார்புரேட்டரின் வாயிலேயே இருந்தது. அங்கிருந்து அது நகரவே இல்லை.

அவருக்கு உடம்பெல்லாம் கூசியது. மந்தமான இடது காதுக்கும் சமமாகக் கேட்கட்டும் என்று முன் திருகை அளவுக்கு மீறித் திறந்துவிட்டிருக்கிறார். நாலு நாளும், இரண்டு ஜோடியிலும். இதற்கு முன்னால் எத்தனை வண்டியிலோ, யார் கண்டது?

"எப்போ கண்டுபிடிச்சே?" என்றார்.

"ஒரு வருஷமா சாப்பிடும்போது உங்க வலது பக்கம் வந்து உட்கார்றேனே, எதுக்குன்னு நினைச்சீங்க?"

"ஃபேன் காத்துக்குன்னு நினைச்சேன்."

அவள் சிரிக்கப் பார்த்தாள், முடியவில்லை. "நீங்களா சொல்வீங்கன்னு இருந்தேன். ஞாயித்துக்கிழமை வந்துடுச்சு, இனிமே காத்திருக்க முடியாது."

அவர் குழாயை வாங்கிக்கொண்டார். முப்பது வருஷமாக நகராத இடத்திலிருந்து இரண்டு எட்டு வைத்துப் போய், முன் கார்புரேட்டரை வலது காதால் கேட்டார். பிறகு திரும்பி வந்து பின்னாலிருந்ததை அதே காதால் கேட்டார். முன் திருகைக் கொஞ்சம் மூடினார், மறுபடி நடந்தார். ஆறு தடவை நடந்த பிறகு என்ஜின் ஆடுவதை நிறுத்தியது. பதினைந்து நிமிஷம் ஓட்டிவிட்டுப் பிளக்குகளைக் கழற்றி, தேய்க்காமல், அவள் கையில் கொடுத்தார். நாலும் ஒரே பழுப்பு, சரியாக எரிந்ததன் நிறம்.

"சின்ன ஜோடியே இருக்கட்டும்" என்றார். "பதினாலு வளைவுக்கு அதுதான் சரி. இதை வேணும்னா வேற யார்கிட்டயாவது காட்டிக் கேட்டுக்கோ."

"வேற யார்கிட்டயும் கேட்க வேணாம். நீங்க ஞாயித்துக்கிழமை எங்க நிப்பீங்க?"

"ஏழாவது வளைவுல."

"அங்க எந்தப் பக்கம்?"

அவர் இடது காதைத் தேய்த்துக்கொண்டே யோசித்தார். "நீ ஏறி வர்றது வலது காதுல விழுற பக்கம்."