குல்யாஷ் விற்றுக்கொடுத்த வீடு

தான் குடியிருந்த வாடகை வீட்டையே நல்ல விலைக்கு விற்றுக்கொடுத்துவிட்டு, மூட்டை முடிச்சோடு தெருவுக்கு வந்தவள் குல்யாஷ். அப்படித்தான் அவள் வீட்டுத் தரகரானாள்.

அது தொண்ணூற்றாறாம் வருஷம். கஜகஸ்தானின் அல்மாத்தி நகரில் அவள் தறி ஓட்டிக்கொண்டிருந்த பருத்தி ஆலை நின்றுபோயிருந்தது. கணவன் அதற்கு முந்தின குளிர்காலத்திலேயே மாரடைப்பில் போய்விட்டான். மாமியார் வீட்டில் ஒரு வருஷம் தாக்குப்பிடித்தவள், ஐந்து வயது மகள் தோக்ஜானைக் கூட்டிக்கொண்டு ஒரு வாடகை வீட்டுக்கு வந்தாள். வந்த மூன்றாம் மாதமே வீட்டுக்காரி, "நான் ரஷ்யாவுக்குப் போறேன், இந்த வீடு விக்கவே மாட்டேங்குது. பாக்க வர்றவங்களுக்கு நீயே கொஞ்சம் காட்டிடேன்" என்றாள்.

குல்யாஷ் காட்டினாள். எந்தக் குழாயை இடப்பக்கம் திருக வேண்டும், ஜனவரி வெயில் எந்த மூலையில் எவ்வளவு நேரம் நிற்கும், மாடிவீட்டுக்காரர் எத்தனை மணிக்கு அக்கார்டியன் வாசிப்பார் என்று ஒன்றுவிடாமல் சொன்னாள். மூன்றாவதாக வந்தவர் வாங்கிக்கொண்டார்.

"என்னடி மந்திரம் போட்ட? எட்டு மாசமா விக்காத வீடு!" என்று வீட்டுக்காரி வாய்பிளந்தாள்.

"இருக்கிறத சொன்னேன், அவ்வளவுதான்."

அதன் பிறகு இருபத்திரண்டு வருஷம் அவள் இருக்கிறதைச் சொல்லியே பிழைத்தாள். அதற்குள் பதினான்கு வாடகை வீடு மாறினாள். மகள் நர்சிங் படித்து, கல்யாணம் முடித்து, இரண்டு பிள்ளைகளுக்குத் தாயானாள். குல்யாஷின் அலமாரியில் மற்றவர்களின் வீட்டுச் சாவிகள் எப்போதும் ஏழெட்டுத் தொங்கும்.

வீடு விற்பவர்களைப் பற்றி அவள் ஒன்று தெரிந்துவைத்திருந்தாள். அவர்கள் வாய்விட்டுக் கேட்பது மூன்று, மனசுக்குள் எதிர்பார்ப்பது முப்பது. விலை கூட வேண்டும், சீக்கிரம் முடிய வேண்டும், அக்கம்பக்கத்துக்குத் தெரியக் கூடாது. இந்த மூன்றையும் எல்லாரும் சொல்வார்கள். சொல்லாதது அவரவர் பாடு. ஸோயா அர்க்காதியேவ்னா என்ற அம்மாளுக்கு, வருகிறவர்கள் தன் சுவரில் ஒட்டிய ரோஜாப்பூக் காகிதத்தைப் பார்த்து ஒரு வார்த்தை மெச்ச வேண்டும். மெச்சாதவர்களுக்கு வீடு கிடையாது. குல்யாஷ் வாசலிலேயே வாங்குபவர்களிடம் கிசுகிசுத்துவிடுவாள்: "உள்ள போனதும் ரோஜாப்பூ நல்லாருக்குன்னு சொல்லிடுங்க, பத்து நிமிஷம் மிச்சம்." விவாகரத்து செய்துகொண்ட ஒரு தம்பதியில் புருஷன் காலையில் அழைத்து, "அவகிட்ட சொல்லாதீங்க, எவ்வளவு வந்தாலும் தள்ளிவிடுங்க" என்பான். பெண்டாட்டி மத்தியானம் அழைத்து அதையே சொல்வாள். யாரிடமும் சொல்லாமல் விற்றுக்கொடுத்தாள் குல்யாஷ்.

இப்படிப்பட்டவளுக்கு, ஐம்பத்தைந்தாவது வயதில், ஒரு பிப்ரவரி மாதத்தில், விற்க வந்த வீட்டின் மேலேயே ஆசை வந்துவிட்டது.

வீட்டுக்காரர் சாவுத் என்ற உய்குர் இனத்துக் கிழவர். நாற்பது வருஷம் டிராம் ஓட்டியவர். மனைவி உயிரோடு இல்லை. பனி உறைந்த படியில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்த பிறகு, தலைநகர் அஸ்தானாவிலிருக்கும் மகள் ரிஸ்வான்குல் "தனியா இருந்தது போதும்ப்பா, கிளம்பி வாங்க" என்று பிடிவாதமாக நின்றுவிட்டாள். ஊன்றுகோலைத் தட்டிக்கொண்டே அவர் வீட்டைச் சுற்றிக் காட்டினார்.

காட்ட என்ன இருக்கிறது? மண்கல் சுவர், தகரக் கூரை, நீலம் அடித்த ஜன்னல் கதவுகள், பதினைந்து சென்ட் நிலம், அதில் இரண்டு பேரிக்காய் மரம். தெருவாய்க்காலில் உருகின பனி சலசலத்து ஓடியது. இதைப் போல நூறு வீடு பார்த்தவள் அவள். ஆனால் சமையலறைக்குள் நுழைந்ததும் நின்றுவிட்டாள். ஜன்னல் மேசைக்கு அருகே தாழ்வாக இருந்தது. வெளியே மரம், அதற்கப்பால் மலை, மலை மேல் பனி. கெட்டில் கொதிக்கிற ஓசை. அந்த மேசையில் தன் மகள் எழுத்து படித்திருக்கலாம் என்று தோன்றியது. இருபத்திரண்டு வருஷம் எந்த வீட்டிலும் அவள் தன்னை உட்காரவைத்துப் பார்த்ததில்லை. அன்று பார்த்துவிட்டாள்.

"உக்காரும்மா. உப்பு போட்ட பால் டீ, குடிப்பியா?" என்றார் சாவுத். ஊற்றிக் கொடுத்துவிட்டுச் சொன்னார்: "விலை எனக்கு ஒண்ணும் தெரியாது. நாலு வருஷம் முன்ன எதுத்த வீட்டுக்காரன் பதினெட்டு மில்லியன் தெங்கேவுக்கு வித்தான். எனக்கும் அதே வந்தா போதும். நீ என்ன சொல்ற?"

குல்யாஷின் கோப்பை கையிலேயே நின்றது. பதினெட்டு அவளால் முடியும். பல வருஷம் வயிற்றைக் கட்டிச் சேர்த்தது, மீதிக்கு வங்கிக் கடன். ஆனால் அந்த நிலம் அன்றைய நிலவரத்தில் இருபத்தேழுக்குக் குறையாது என்று அவளுக்குத் தெரியும். அடுத்த தெரு வரை அடுக்குமாடி வந்துவிட்டது.

"நாளைக்கு வந்து சொல்றேன், ஐயா" என்று மட்டும் சொன்னாள்.

அன்று மத்தியானம் மகள் வீட்டில் சாப்பாடு. தோக்ஜான் லக்மான் நூடுல்ஸைப் பரிமாறிக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டாள்.

"அவரே பதினெட்டுன்னு சொன்னாரு. நீ சொல்லலையே. அப்புறம் என்னம்மா?"

"என்னை விலை கேட்டாருடி."

"எல்லாருக்கும் வீடு பாத்துக் குடுக்கிற. உனக்குன்னு ஒண்ணு பாக்கக் கூடாதா? எத்தன தடவ மூட்டை கட்டினோம், ஞாபகம் இருக்கா? எனக்கு ஸ்கூல் பேரு மறந்துபோச்சு, அட்டைப்பெட்டி வாசனை மறக்கல."

குல்யாஷ் தட்டில் இருந்ததைச் சாப்பிட்டு முடித்தாள். மகள் சொன்னது நியாயமாகத்தான் இருந்தது. அதுதான் அவளுக்கு பயமாக இருந்தது.

மறுநாள் காலை சாவுத்தின் வாசலில் நின்று, பூட்ஸைக்கூடக் கழற்றாமல் சொல்லிவிட்டாள். "உங்க வீடு இருபத்தேழு போகும், ஐயா. பொறுத்தா மேலயும் போகும். இன்னொண்ணு. இந்த வீட்டு மேல எனக்கே ஆசை வந்திருச்சு. விக்கிறவளுக்கு ஆசை வரக் கூடாது. நல்ல தரகர் ரெண்டு பேரு நம்பர் எழுதிட்டு வந்திருக்கேன்."

கிழவரின் குரல் உயர்ந்தது.

"இத நேத்தே ஏன் சொல்லல?"

அவள் தலைகுனிந்தாள்.

"ராத்திரி பூரா யோசிச்சியா? கிழவன ஏமாத்தலாமா வேண்டாமான்னு?"

"யோசிச்சேன், ஐயா."

"பொய்யாவது சொல்லேன், படுபாவி!" ஊன்றுகோலைத் தரையில் குத்தினார். கதவைச் சாத்தப் போனவர் சாத்தாமல் நின்றார். குளிர்காற்று வீட்டுக்குள் போய்க்கொண்டிருந்தது. "உள்ள வா. வாசல்ல நின்னு வீட்ட ஐஸ்பெட்டி ஆக்காத."

மேசையில் உட்கார்ந்த பிறகு சொன்னார்: "அந்த நம்பர் எனக்கு வேண்டாம். நான் கேக்கிறது ரெண்டே ரெண்டு. வர்றவன்கிட்ட, கூரை எங்க ஒழுகும்னு சொல்லிடு. எனக்கு தினம் சாயங்காலம் போன் போட்டு யார் வந்தாங்க, என்ன சொன்னாங்கன்னு சொல்லு. நல்லது கெட்டது, எல்லாம். அது போதும். உன் ஆசைய நீ பாத்துக்க."

மார்ச் முழுவதும் அவள் அந்த வீட்டைக் காட்டினாள். சாவுத் இடுப்புச் சிகிச்சைக்காக மருத்துவமனையில் இருந்ததால் சாவி அவளிடம் இருந்தது. ஆட்கள் வருவதற்கு ஒரு மணி நேரம் முன்பே போய்விடுவாள். அடுப்பு மூட்டுவாள், தரை துடைப்பாள். பிறகு அந்த ஜன்னலடியில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். யாரும் வராமல் போனால் போகட்டும் என்று இருக்கும். கதவு தட்டப்படும். எழுந்து போய், கூரை எங்கே ஒழுகும் என்று சொல்லுவாள்.

சாயங்காலம் தொலைபேசியில் சாவுத் காத்திருப்பார்.

"இன்னைக்கு ஒரு பல் டாக்டர் வந்தாரு, ஐயா. சுவரை விரலால தட்டித் தட்டிப் பாத்தாரு."

"சொத்தையான்னு பாத்தானா?" கிழவர் சிரித்தார். "மரத்தப் பாத்தானா?"

"பாக்கல."

"பாக்காட்டி போறான்."

ஒவ்வொரு நாளும் அழைப்பு நீண்டுகொண்டே போனது. மனைவி எந்த வருஷம் அந்த மரத்தை நட்டாள், மகள் எந்தக் கிளையிலிருந்து விழுந்தாள் என்றெல்லாம் சொன்னார். குல்யாஷ் கேட்டுக்கொண்டாள். கேட்கக் கேட்க வீடு இன்னும் பக்கத்தில் வந்தது. ஒருநாள் அவர், "நீ வாங்கியிருந்தா..." என்று ஆரம்பித்து, இருமி, வேறு பேச்சுக்குப் போய்விட்டார். அந்த அரை வாக்கியத்தின் மீதிக்காக அவள் பல நாள் காத்திருந்தாள். வெட்கமாகத்தான் இருந்தது, ஆனாலும் காத்திருந்தாள். அவர் அதை முடிக்கவில்லை.

ஏப்ரலில் பேரிக்காய் மரம் பூத்தது. இரண்டு பேர் உறுதியாக வாங்க வந்தார்கள். ஒருவர் பஸ் ஓட்டுநர், மனைவி நிறைமாசம். இருபத்தேழு தருவார்கள், வீட்டை அப்படியே வைத்துக் குடியிருப்பார்கள். அந்தப் பெண் சமையலறை ஜன்னலடியில் நின்று வயிற்றைத் தடவிக்கொண்டாள். குல்யாஷுக்கு அவள்மேல் பொறாமையும் பாசமும் ஒன்றாக வந்தது. இன்னொருவர் அடுக்குமாடி கட்டுபவரின் ஆள். வீட்டுக்குள்ளேயே வரவில்லை. நிலத்தை டேப் வைத்து அளந்துவிட்டு முப்பது என்றார்.

சாவுத் வீட்டுக்குத் திரும்பியிருந்தார். குல்யாஷ் நேரில் போய் இரண்டையும் சொன்னாள்.

"நீ என்ன செய்வ?" என்றார்.

"என்னைக் கேக்காதீங்க. எனக்கு இந்த வீடு நிக்கணும். தெருவில போறப்ப பாத்துட்டாவது போகலாம். அதனால நான் சொன்னா அது எனக்காகச் சொன்னதா ஆயிடும்." பிறகு தரகராகச் சொல்ல வேண்டியதைச் சொன்னாள்: "முப்பதுகாரங்க இடிச்சிடுவாங்க, ஐயா. மரம் உட்பட."

"தெரியும்." கிழவர் ஜன்னலையே பார்த்தார். "ரிஸ்வான்குல் வீட்டுல எனக்கு சமையல்கட்டு ஓரத்தில கட்டில் போடறேங்கிறா. பேரப்பிள்ளைங்க எழுந்து தண்ணி குடிக்க வந்தா என் காலத் தாண்டிதான் போகணும். இன்னும் மூணு மில்லியன் இருந்தா இன்னொரு ரூம் இருக்கிற வீடா பாப்பாங்க. எனக்குன்னு ஒரு கதவு. சாத்திக்கலாம்." தாடையைத் தேய்த்தார். "கடைசி காலத்தில ஒரு மனுஷன் மரத்துக்காக வாழ முடியுமா?"

"முடியாது, ஐயா."

"முப்பதுக்கே முடிச்சிடு."

முடித்தாள். பஸ் ஓட்டுநரின் மனைவியிடம் அவளே போய்ச் சொன்னாள். அந்தப் பெண் அழுதாள். குல்யாஷ் அழவில்லை. பத்திரப்பதிவு முடிந்த மறுநாள், அஸ்தானா ரயிலுக்குக் கிளம்புவதற்கு முன்னால், சாவுத் ஒரே ஒரு பெட்டியோடு முற்றத்தில் நின்றார். உள்ளே குல்யாஷ் செய்தித்தாளைக் கசக்கி சமையலறை ஜன்னலைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"இடிக்கப் போற வீட்டுக்கு எதுக்கும்மா ஜன்னல் தொடைக்கிற?"

"அழுக்கா இருக்கு, ஐயா."

அவள் துடைத்து முடிக்கும் வரை அவர் முற்றத்திலேயே நின்றார். பிறகு டாக்ஸியில் ஏறிக்கொண்டார். ஏறும்போது அவள் கையைப் பிடித்து, "ஒரு நாள் யோசிச்சதுக்கு நான் கோவிச்சுக்கிட்டேன். ரெண்டாம் நாள் வந்து சொன்ன பாரு, அதுக்கு நான் ஒண்ணுமே சொல்லல. தப்பு என்னுது" என்றார்.

மே மாதம் வீட்டை இடித்தார்கள். குல்யாஷ் பார்க்கப் போகவில்லை. அந்த வழியாகப் போகிற பஸ்ஸை விட்டுவிட்டுச் சுற்றிப் போனாள். வேலை வந்துகொண்டேயிருந்தது. தன் பூனையையும் சேர்த்து வைத்துக்கொள்பவருக்குத்தான் விற்க வேண்டும் என்று ஒருத்தி, பக்கத்துவீட்டு அண்ணனுக்கு மட்டும் விற்கக் கூடாது என்று ஒருத்தன். எல்லாரிடமும் தலையாட்டினாள். ஆனால் எந்தச் சமையலறைக்குள் போனாலும் முதலில் ஜன்னலைப் பார்க்கிற பழக்கம் அவளுக்கு வந்துவிட்டது.

அக்டோபரில், சேர்த்ததோடு கொஞ்சம் கடன் வாங்கி, அவளும் ஒரு வீடு வாங்கினாள். அல்மாத்தியில் மலையை நோக்கிப் போனால் மேலே, விலகினால் கீழே. விலையும் அப்படித்தான். அவளுடையது நன்றாகக் கீழே, ரயில் பாதையைத் தாண்டி, பழைய கான்கிரீட் பலகைக் கட்டடத்தின் நான்காவது மாடியில் ஒற்றை அறை. தோக்ஜானும் மருமகனும் கட்டிலைத் தூக்கி வந்து போட்டுவிட்டுப் போனார்கள்.

மறுநாள் காலை கெட்டிலை வைத்துவிட்டு பால்கனிக்கு வந்தாள். எதிரே இன்னொரு கட்டடம், அதன் சுவர், கொடியில் யாருடையவோ துணிகள். மலை எந்தப் பக்கம் என்று எட்டிப் பார்த்தாள். தெரியவில்லை. அந்தத் தாழ்ந்த ஜன்னலும் பூத்த மரமும் கண்முன் வந்து நின்றன. கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

பக்கத்து பால்கனியில் ஒரு பருத்த பெண் கம்பளத்தை உதறிக்கொண்டிருந்தாள். தூசிக்குள்ளிருந்து தலையை நீட்டினாள்.

"புதுசா வந்திருக்கீங்களா? வாடகைக்கா, எத்தன மாசத்துக்கு?"

"மாசத்துக்கு இல்ல."

"அப்போ?"

"வாங்கியிருக்கேன்" என்றாள் குல்யாஷ். ரயில் போன சத்தத்தில் அந்தப் பெண்ணுக்குக் கேட்கவில்லை.

"என்ன சொன்னீங்க?"

குல்யாஷ் கொஞ்சம் சத்தமாகவே, இன்னொரு தடவை சொன்னாள்.