ஹமீதா டீச்சரின் 'இஃப்'

போன வியாழக்கிழமை காலை, பொன்னேரியிலிருந்து நான் வந்துகொண்டிருந்த பஸ் திருப்பாலைவனத்தைத் தாண்டும்போது கைப்பேசி அடித்தது. கடலுக்குப் போகிற ஆண்கள் உள்ள வீட்டில் பிறந்தவளுக்கு, நேரங்கெட்ட நேரத்தில் வருகிற எந்த அழைப்பும் ஒரே அழைப்புதான். தம்பிக்கு ஏதோ ஆகிவிட்டது என்று நினைத்துத்தான் எடுத்தேன். பேசியது ஹமீதா டீச்சரின் மகள். "அம்மா மௌத்தாயிட்டாங்க ஆன்ட்டி" என்றாள். இறந்தது தம்பி இல்லை என்று ஒரு நொடி நிம்மதி வந்தது. அதற்காக இன்னும் வெட்கப்படுகிறேன். அழுகை அதற்குப் பிறகுதான் வந்தது.

பழவேற்காட்டில் எங்கள் பள்ளியில் இருபது வருடத்துக்கு மேல் இங்கிலீஷ் எடுத்தவர் அவர். இதைப் படிக்கும் பழைய மாணவர்களே, உங்களில் பலர் அவரிடம் திட்டு வாங்கியிருப்பீர்கள். அதே பள்ளியில் சயின்ஸ் எடுக்கும் எனக்கு ஸ்டாஃப் ரூமில் அவருக்குப் பக்கத்து நாற்காலி. காற்று கொஞ்சம் பலமாக அடித்தாலே நான் ஜன்னலைப் பார்ப்பேன் என்பதால் எனக்கு அவர் வைத்த பெயர் 'வானிலை அறிக்கை'.

ஒருமுறை காலாண்டுத் தேர்வில், அப்பா நாளைக்கு வீட்டுக்கு வந்தால் ஊருக்குப் போவோம் என்கிற பொருளில் ஒரு இங்கிலீஷ் வாக்கியம் கொடுத்து, சரியான வினைச்சொல்லை எழுதச் சொல்லியிருந்தார். கடலோரக் குப்பத்துப் பிள்ளைகள் வினைச்சொல்லைச் சரியாக எழுதிவிட்டு, கேள்வியிலேயே இருந்த 'இஃப்'பை அடித்து 'வென்' என்று மாற்றியிருந்தார்கள். கேள்வியையே திருத்துகிறார்களே என்று கோபத்தோடு விடைத்தாள்களை என் மேஜையில் போட்டார். எங்கள் வீடுகளில் ஆண்கள் கடலில் இருக்கும்போது 'வந்தா' என்று யாரும் சொல்வதில்லை, 'வந்ததும்' என்றுதான் சொல்வோம் என்றேன். விடைத்தாள்களைத் திரும்ப எடுத்துக்கொண்டார். பிறகு எல்லாருக்கும் முழு மதிப்பெண் போட்டார். அதற்குப் பிறகு அவருடைய கேள்வித்தாளில் 'இஃப்' போட்டு மழை வந்தது, பஸ் வந்தது, ஹெட்மாஸ்டர் கூட வந்தார். அப்பா மட்டும் வரவில்லை.

மூன்று வருடத்துக்கு முன், ஒரு ஆடி மாதத்தில், என் தம்பியும் இன்னும் இரண்டு பேரும் போன படகு மறுநாளும் கரை திரும்பவில்லை. சென்னையில் தேடுதல் கப்பல் அனுப்புகிற அதிகாரி வடநாட்டுக்காரர், மனு இங்கிலீஷில் போகட்டும் என்று ஊரில் சொன்னார்கள். படித்தவள் என்று பொறுப்பை என் தலையில் கட்டினார்கள். எழுதினேன். அனுப்புவதற்கு முன் ஹமீதா டீச்சரிடம் காட்ட ஓடினேன். கடைசி வரியில் அவர் கண் நின்றுவிட்டது. 'இஃப் யூ ஹேட் சென்ட் எ ஷிப், தே வுட் ஹேவ் பீன் சேவ்டு' என்று எழுதியிருந்தேன். 'ஹேட்', 'வுட் ஹேவ்' எல்லாம் போட்டால் மரியாதையாக இருக்கும் என்று நினைத்திருந்தேன்.

"இன்னா கஸ்தூரி இது? கப்பல் அனுப்பியிருந்தா பொழைச்சிருப்பாங்கன்னு எழுதியிருக்கே. உன் தம்பி செத்துட்டான்னு நீயே கையெழுத்துப் போட்டுத் தரியா?"

வாயால் சொல்லப் பயந்ததை எழுத்தில் எழுதியே விட்டேன். அவர் 'ஹேட்'டை அடித்தார். 'சென்ட்' என்பதை மட்டும் கடந்த காலத்தில் விட்டு, 'வுட் பி' போட்டாலும் இலக்கணப்படி தப்பில்லை, ஆனால் அது நடக்குமா என்று சந்தேகப்படுகிறவன் எழுதுவது என்றார். தமிழில் 'அனுப்பினால்' என்று ஒரே சொல்லில் எல்லாவற்றையும் மறைத்துக்கொள்ளலாம், இங்கிலீஷில் வினைச்சொல் காட்டிக்கொடுத்துவிடும் என்றார். கடைசியில் 'சென்ட்'டை நிகழ்காலத்து 'செண்ட்' ஆக்கி, எதிர்காலத்துக்கு 'வில் பி' போட்டு முடித்தார். "அனுப்பினா கெடைப்பாங்க. அவ்ளோதான். போய் அனுப்பு."

அடுத்த மூன்று நாளும் அந்த ஒரு வரியைத்தான் முணுமுணுத்துக்கொண்டிருந்தேன். கப்பல் வந்து தேடியது, கிடைக்கவில்லை. இன்ஜின் நின்று வடக்கே அடித்துப் போன படகை ஆந்திராப் பக்கத்து மீனவர்கள் பார்த்து, மூன்று பேரையும் உயிரோடு இழுத்து வந்தார்கள். மனுவால் ஒன்றும் நடக்கவில்லை என்று எனக்குத் தெரியும். ஆனாலும் டீச்சருக்கு எவ்வளவு தைரியம், எவ்வளவு நம்பிக்கை என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

போன மாதம் சென்னையில் ஆஸ்பத்திரியில் அவரைப் பார்க்கப் போனேன். இனி செய்வதற்கு ஒன்றுமில்லை, வீட்டுக்குக் கூட்டிப்போங்கள் என்று மகளிடமும் என்னிடமும் டாக்டர் தனியாகச் சொன்னார். உள்ளே போனால், டீச்சர் தன் விடுப்பை நீட்டிக்கச் சொல்லி ஹெட்மாஸ்டருக்கு இங்கிலீஷில் ஒரு கடிதம் எழுது என்றார். கையில் ஊசி ஏறியிருந்ததால் அவரால் எழுத முடியவில்லை. உடல் தேறினால் ஜூனில் வேலைக்குத் திரும்புவேன் என்பது கடைசி வரி. எனக்குத் தெரிந்த உண்மைக்கு, சந்தேகத்தைக் காட்டும் 'இம்ப்ரூவ்டு', 'வுட்' என்றுதான் எழுத வேண்டும். பேனா ஓடவில்லை. 'இம்ப்ரூவ்ஸ்', 'வில்' என்று எழுதிக் கொடுத்தேன்.

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார். அந்த வினைச்சொல்லில் விரலை வைத்தார். "டாக்டர் இன்னா சொன்னாருன்னு எனக்குத் தெரியும். பயந்துட்டியா?"

ஆமாம் என்றேன்.

"அன்னிக்கு நானும் அப்படித்தான். உன் தம்பி போயிட்டான்னுதான் நெனச்சேன் கஸ்தூரி. ஆனா அந்த 'ஹேட்'டை விட்டுவைக்க கை வரல, அவ்ளோ பயம்."

கடிதத்தை மடித்து என்னிடமே கொடுத்து, நாளைக்கே ஹெட்மாஸ்டரிடம் சேர்த்துவிடச் சொன்னார்.

இரங்கல் கூட்டத்தில் அவருடைய தைரியத்தைப் பற்றி எல்லோரும் பேசினார்கள். நான் பேசவில்லை. எனக்கென்று அவர் விட்டுப்போனது அந்தப் பயம்தான். அதைப் பத்திரமாக வைத்திருக்கிறேன். இன்று விடியற்காலையில் தம்பி கடலுக்குப் போனான். வந்ததும் சாப்பிடுவான் என்று சோறு எடுத்து வைத்திருக்கிறேன்.